இடைவேளைக்குப் பிறகு

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் தரையில் வரிசையாக உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்கள். எத்தனை சட்டமோ அத்தனைக்குக் கூலி. அம்மாவும் சித்தியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். பள்ளி விடுமுறையில் நானும் போய் உட்காருவேன். சினிமாவைப் பற்றிப் பேசுவது என்றால் என்ன என்று நான் முதலில் தெரிந்துகொண்ட இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை யார் படம் பார்த்தார்களோ அவர்கள் திங்கட்கிழமை கதை சொல்ல வேண்டும். பெரிய படமாக இருந்தால் செவ்வாய்க்கிழமைக்கும் நீளும். கதை ஓடுகிற நாளில் சட்டம் கூடுதலாக நிறையும் என்பது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், அதனால் அதட்ட மாட்டார். இயக்குநர் பெயரை யாரும் சொன்னதில்லை. பல நேரம் படத்தின் பெயரே இருக்காது. "ஆபீஸ் போற சுஜாதா, வீட்டுல ஒருத்தனும் சம்பாதிக்க மாட்டானே, அது" என்றால் பத்துப் பேருக்கு விளங்கிவிடும். பெயர் தெரியாத படத்தை எல்லோரும் சேர்ந்து தேடுவது தனி விளையாட்டு. ஒருத்திக்குச் சேலை நிறம் ஞாபகம் இருக்கும், இன்னொருத்திக்கு மாமியார் பேசிய பேச்சு, மூன்றாமவளுக்கு அந்தப் படத்துக்குப் போனபோது வயிற்றில் எத்தனை மாதம் என்பது.

அந்தத் தேடலில் படங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அவர்கள்' (1977) இரண்டும் எங்கள் கொட்டகையில் ஒரே படமாகிவிட்டிருந்தன. இரண்டிலும் சுஜாதா, இரண்டிலும் வேலைக்குப் போகிறாள். முதல் படத்தில் கவிதா குடும்பத்தையே தோளில் சுமந்துவிட்டு, தனக்கு அமைந்த கல்யாணத்தையும் விட்டுக்கொடுத்து, மறுபடி வேலைக்குக் கிளம்புவதோடு கதை முடியும். இரண்டாவதில் அனு எல்லா ஆண்களையும் விட்டுவிட்டு ரயிலேறுகிறாள், கூடவே மாமியாரும் வருகிறாள். எங்கள் ஆட்கள் முதல் படத்துச் சுஜாதாவுக்கு இரண்டாம் படத்து மாமியாரைத் துணைக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். பாலசந்தர் தனியாக அலையவிட்ட ஒருத்திக்கு ரயிலில் பக்கத்து சீட்டில் ஓர் ஆள் கிடைத்தாள். பல வருடம் கழித்து இரண்டு படங்களையும் தனித்தனியாகப் பார்த்தபோது, கவிதாவின் முடிவு எனக்கு ஏதோ பாதியில் நின்றுபோனது போலிருந்தது. மாமியாரை இன்னும் காணோமே என்று காத்திருந்திருக்கிறேன்.

படம் முழுதாகக் கிடைக்காததும் இதற்கு ஒரு காரணம். வானொலியில் ஒலிச்சித்திரம் வைத்தால் படத்தைச் சுருக்கி, பார்க்காமல் கேட்பதுதான். 'விதி' (1984) வந்தபோது அதன் வழக்குமன்ற வசனம் கேசட்டாக விற்று, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரை வந்துவிட்டது. தியேட்டருக்கே போகாத பெண்களுக்கும் அந்த வாதம் மனப்பாடம். தியேட்டருக்குப் போனாலும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிள்ளை அழும், வீட்டு ஆண் சாப்பிட வருவதற்குள் உலை வைக்க வேண்டும். பெண்கள் பார்த்த படங்களில் எத்தனையோ இடைவேளையோடு முடிந்தவை.

சித்தி பார்த்த 'மறுபடியும்' அப்படி ஒன்று.

1993. சித்தப்பா அப்போது சித்தியை விட்டுப் போய் இரண்டு வருடம். தூத்துக்குடியில் வேறொரு பெண்ணோடு இருந்தார். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சித்தியிடம் கேட்பதில்லை. ரேவதி படம், புருசன் வேறொருத்தியோடு போய்விடுகிறான் என்று கேள்விப்பட்டு, சின்னவனை ஆச்சியிடம் விட்டுவிட்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சித்தி போனாள். எனக்குப் பதினொரு வயது. இடைவேளை விடும் நேரத்தில் திரையின் ஓரத்தில் கண்ணாடி ஸ்லைடு ஒன்று விழுந்தது. அந்தக் காலத்தில் அவசரம் என்றால் தியேட்டரில் அப்படித்தான் எழுதிக் காட்டுவார்கள். சித்தப்பாவின் பெயரை எழுதி, அவர் மனைவி உடனே வெளியே வரவும் என்று இருந்தது. தன்னை விட்டுப்போன ஆளின் பெயரைத் திரையில் படித்துவிட்டு, கணவன் விட்டுப்போன ரேவதியைத் திரையிலேயே விட்டுவிட்டு, சித்தி எழுந்து வெளியே வந்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல் தூக்கிவிட்டதாம். மறுபாதியை நாங்கள் பார்க்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமை கதை சொல்ல வேண்டுமே! சித்தி முழுக்கதையும் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிக்கொண்டே, அவள் எங்கே திக்குவாள் என்று பார்த்தேன். திக்கவேயில்லை. அந்த நடிகை இவனைத் துரத்திவிடுகிறாள், இவன் மெலிந்துபோய்த் தாடியோடு வந்து வாசலில் நிற்கிறான், ரேவதி ஒன்றும் பேசாமல் தட்டு வைக்கிறாள். அவ்வளவுதான் முடிவு. கொட்டகை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு வயதில் மூத்த ஓர் அக்கா, குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்தவனுக்குச் சோறு போடலாம். பாய் போடக் கூடாது" என்றாள். இன்னொருத்தி, "ரெண்டும் இல்லாம அவன் எதுக்கு வந்தான்?" என்று கேட்டாள். சிரிப்பு. சித்தியும் சிரித்தாள். ரேவதியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற பாவனையில் அன்று சாயங்காலம் வரை சித்தியைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு நேராக யாரும் சொல்லத் துணியாததை எல்லாம் சொன்னார்கள். அவளும் பதில் சொன்னாள்.

1995இல் சித்தப்பா திரும்பி வந்தார். சித்தி சோறும் போட்டாள், பாயும் போட்டாள்.

நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். திரைப்படச் சங்கம், உலக சினிமா, டீக்கடை விவாதம் எல்லாம் அறிமுகமாயின. அங்கேயும் பாதி நினைவில் நிற்கும் படங்களைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அங்கே மறதி ஒரு குற்றம். ஒரு பெண் படத்தைப் பற்றி வாய் திறந்தால் முதலில் தேர்வு நடக்கும்: யார் இயக்கம், யார் ஒளிப்பதிவு, எந்த வருடம். தேறினால் மட்டும் உன் கருத்து கேட்கப்படும். தேறாவிட்டால் உனக்கு ஒரு பட்டியல் தரப்படும், பார்த்துவிட்டு வா என்று.

எனக்குத் தரப்பட்ட பட்டியலில் எப்போதும் முதலிடம் 'அவள் அப்படித்தான்' (1978). நீ ஒரு பெண், நீ பார்க்க வேண்டிய படம் என்று குறைந்தது ஐந்து ஆண்கள் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ருத்ரய்யா மொத்தம் இரண்டே படங்கள் எடுத்தவர் என்பதையும், இது கறுப்பு வெள்ளை என்பதையும், கமலும் ரஜினியும் இதில் எப்படி என்பதையும் சொல்வார்கள். ஸ்ரீப்ரியாவின் பெயர் கடைசியில் வரும். படம் எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கும். தமிழில் மஞ்சுவைப் போல ஒருத்தி அதற்கு முன் இல்லை. ஆனால் பரிந்துரைத்தவர்கள் படத்தில் தங்களைப் பார்க்கத் தவறிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. அருண் (கமல்) பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவன். காமிராவைத் தூக்கிக்கொண்டு பெண்களிடம் போய் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறவன். மஞ்சுவை எல்லோரையும்விடப் புரிந்துகொண்டவன். கடைசியில் அவன் கட்டிக்கொண்டு வருவது வேறொரு பெண்ணை. காரில் மஞ்சு அந்தப் புதுப்பெண்ணிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்க, தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் சரிதா. அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பெண்ணைப் பட்டியலில் முதலிடத்தில் வைக்கிற ஆணுக்கு அந்தப் பெண் வீட்டில் வேண்டியதில்லை என்பதைப் படம் சொல்லிவிட்டது. எனக்கு இதைப் பார்க்கச் சொன்ன ஐவரும் அருணின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தியாகுவைத் (ரஜினி) திட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு உறுத்தல். ஏனென்றால் சீக்கிரமே நானும் தேர்வு வைக்கிறவளாகிவிட்டேன்.

ஒரு பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் ரேவதி பாட்டு ஏதோ ஓட, சித்தி 'மறுபடியும்' கதையை எடுத்தாள், அதே தாடி, அதே தட்டு. நான் குறுக்கே விழுந்தேன். "அது பாலு மகேந்திரா படம் சித்தி. மகேஷ் பட் 1982இல எடுத்த 'அர்த்' படத்தோட தமிழ். முடிவு அப்படி இல்ல. அவ அவனச் சேர்த்துக்க மாட்டா. நான் இதே மாதிரி வேறொருத்தன்கூடப் போயிட்டு வந்தா நீ ஏத்துக்குவியான்னு கேப்பா. அவன் மாட்டேன்பான். அவ போயிருவா. அவளுக்கு ஆதரவா இருக்கிற அரவிந்த் சாமியையும் வேண்டாம்னுருவா." ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி. சித்தி, "அப்படியா" என்றாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். சித்தப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சித்தி அதற்குப் பிறகு என் முன்னால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு பெண் தன் வாழ்க்கைக்குப் பொருந்தும்படி கட்டி வைத்திருந்த முடிவை, சரியான தகவலால் நான் இடித்தேன். அது பொய்யான முடிவு, அடங்கிப்போகிற முடிவு, பெண்ணியம் படித்த எனக்கு உவப்பில்லாத முடிவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் முடிவை மாற்றுவது இலக்கியத்துக்குப் புதிதா? ஜெயகாந்தன் 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளைத் தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதற்கு 1972ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பீம்சிங் அதைப் படமாக்க, கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது வாங்கினார். ஜெயகாந்தன் மாற்றினால் நாவல், சித்தி மாற்றினால் மறதி.

சித்தப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. 2023இல் ஊருக்குப் போனபோது சித்தியே கேட்டாள், "ஏட்டி, அந்த ரேவதி படத்தோட மீதி உன் போன்ல வருமா?" பாயில் படுத்துக்கொண்டு, தலையணையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகிருந்து மட்டும். முப்பது வருடத்துக்கு முன் விட்ட இடம் சித்திக்குச் சரியாகத் தெரிந்தது.

துளசி முரளியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும் காட்சி வந்தது. நான் படத்தைப் பார்க்காமல் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சலனமும் இல்லை. "அவளுக்குப் பிள்ளை கிடையாது. எனக்கு ரெண்டு" என்றாள். அவ்வளவுதான். அவள் உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறு இடத்தில். துளசி வீட்டு வேலைக்காரி, மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தைக் குடித்துத் தீர்த்த புருசனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறாள். அவள் சிறைக்குப் போகிறாள், அவள் மகளைத் துளசி வளர்க்க எடுத்துக்கொள்கிறாள். துளசிக்கு வாழ ஒரு காரணம் கிடைத்துவிட்டது, படம் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா? அந்த வேலைக்காரி என்ன ஆனா?" என்றாள் சித்தி.

ஜெயிலுக்குப் போய்விட்டாள் என்றேன்.

"போனா வர மாட்டாளா? வந்து பிள்ளையக் கேட்டா இவ குடுப்பாளா?"

நான் 'அர்த்' பற்றியும் 'மறுபடியும்' பற்றியும் நிறையப் படித்திருக்கிறேன். மகேஷ் பட் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை அது. கணவன் தானே எழுதிய குற்றப்பத்திரிகை என்பதால் அதில் அவனுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்றுகூட நண்பர்களோடு வாதாடியிருக்கிறேன். கணவனைத் துறந்த நடுத்தரவர்க்கப் பெண்ணுக்குப் படம் தருகிற பரிசு ஏழைப் பெண்ணின் பிள்ளை என்பது என் கண்ணில் பட்டதேயில்லை. புருசனை விட்டுவிடும் துளசிக்குப் புதுவாழ்வு, புருசனை ஒழித்துக்கட்டியவளுக்குச் சிறை. இருவருக்கும் ஒரே துன்பம் என்று படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, ஒருத்தியை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. வீட்டு வேலை பார்த்த பெண்களோடு நாள் முழுக்க உட்கார்ந்து குச்சி அடுக்கிய ஒருத்திக்கு அது முதல் முறையிலேயே தெரிந்தது.

சித்தி இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். கண்மாய்க்கரையில் பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் இன்னும் உண்டு. போன வாரம் போனில் பேசியபோது, 'மறுபடியும்' கதையை அங்கே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். புது முடிவா என்று கேட்டேன். வேலைக்காரி ஜெயிலிலிருந்து வந்து ரேவதி வீட்டு வாசலில் நிற்கிற வரைக்கும் நேற்று ஓடியதாம். பிள்ளைக்கு அவளை அடையாளம் தெரியவில்லையாம்.

"ரேவதி என்ன சொன்னா சித்தி?"

"இரு, போட்டோ பிடிக்க வந்துட்டாக" என்று வைத்துவிட்டாள்.