வாடைக்கு ஒரு தட்டி

மார்கழியில் வாடை வீசும் பக்கமாகக் கோழிக் கூண்டை ஒட்டி ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தால், அந்த வீட்டாருக்குக் கோழியைத் தெரியும் என்று நம்பிவிடுவேன்.

கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும்; இறகுகளுக்கிடையே அடைபடும் காற்றுதான் அதற்குக் கம்பளி. வாடை அடித்து இறகு கலைந்தால் அந்தச் சூடு போய்விடும். வெறும் குளிரைத் தாங்குகிற பறவை காற்றுக்கு ஒடுங்கிப்போவது இதனால்தான்.

தட்டியின் அழகே அதன் இடுக்குகளில் இருக்கிறது. தகரத்தால் அடைத்தால் காற்று மேலேறிக் குதித்து மறுபக்கம் சுழன்றடிக்கும். முடைந்த கீற்றோ காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு, வேகத்தை மட்டும் பிடுங்கிக்கொள்ளும். என்ன நுட்பம்! தட்டியின் அடியில் சந்து விடாமல் மண் அணைக்க வேண்டும். கோழியின் காலடியில் புகும் காற்று பொல்லாதது.

ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் அந்த வழியாகத்தான் வெளியேறும். இரக்கப்பட்டுச் சாக்கால் முழுக்க மூடினால் கோழிக்குச் சளிதான் பிடிக்கும்.

தை கழிந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தட்டியைப் பரணில் போடலாம். கரையான் ஏறாவிட்டால் அடுத்த மார்கழிக்கும் உழைக்கும்.