கந்தசாமிப் பிள்ளையின் பேச்சில் முரண்நகை

ஒரு பாத்திரம் பேசும் சொல்லுக்கும், அதே சொல் கதைக்குள் பெறும் பொருளுக்கும் இடையே விலகல் ஏற்படும்போது அதனை முரண்நகை என்கிறோம். "சொன்னதற்கு நேர்மாறான பொருள் தருவது" என்றுதான் மாணவர்கள் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் வஞ்சப்புகழ்ச்சிக்குப் பொருந்தும். புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளப்பதாகவும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் ஔவையார் கூறுகிறார். புகழப்பட்டவன் போர் காணாதவன் என்பதே கருத்து. சொல்பவருக்கும் அது நன்றாகத் தெரியும். சிறுகதைப் பாத்திரமோ பல சமயம் தான் நினைப்பதையேதான் பேசுகிறது. விலகல் வேறெங்கிருந்தோ வருகிறது.

புதுமைப்பித்தனின் (1906–1948) 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்று, திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போவது என்று காலணா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், அதே ஊருக்கு வழி கேட்டு வருகிறார் கடவுள். பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்துபவர். ஆள் அகப்பட்டால் சந்தா கேட்காமல் விடமாட்டார். ஜீவிய சந்தா 25 ரூபாய். அது யாருடைய ஜீவியம் என்று கடவுள் கேட்கிறார். உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல, பத்திரிகையின் ஆயுள்தான், அது அழியாதது, தமக்குப் பின்னும் அதை நடத்த ஆள் உண்டு என்ற பொருள்பட விடை சொல்கிறார் பிள்ளை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பிள்ளை கேலி செய்யவில்லை. சந்தா பிடிக்கிறவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறார், அதை நம்பவும் செய்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் அழிவே இல்லாதவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய ஆயுளை ஒதுக்கிவிட்டு, அடுத்த இதழுக்குக் காசு தேடும் ஒரு பத்திரிகையை நித்தியமானது என்கிறார் பிள்ளை. பேசுபவர் என்ன நினைக்கிறார், கேட்பவர் யார், வாசகனுக்கு என்ன தெரியும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நகை பிறக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் படித்தால் அது வெறும் விளம்பரப் பேச்சு.

காப்பிக் கடையில் நடப்பது வேறு வகை. காப்பியின் ருசியைத் தம் லீலை என்று கடவுள் பெருமைப்பட, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று திருத்துகிறார் பிள்ளை. இது தெரிந்தே செய்யும் குத்தல். வரம் என்று ஆரம்பித்தால் பிறகு இன்னொரு தெய்வம் வந்து தலையைக் கேட்கும் என்று அவர் வரத்தை மறுப்பதும் அப்படியே. இவ்விரண்டையும் சந்தாப் பேச்சையும் ஒரே தட்டில் வைத்து, "பிள்ளை நாத்திகர், ஆகவே கதை நாத்திகக் கதை" என்று எழுதப்பட்ட விடைத்தாள்கள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். கடவுளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுகிறவரை அப்படிச் சொல்லிவிட முடியுமா? அவர் மறுப்பது கடவுளை அல்ல, கடவுளிடம் காட்ட வேண்டிய நடுக்கத்தை. (கடவுள் நடனமாடிப் பிழைக்கப் பார்க்கும் பகுதி நேரடியான அங்கதம். சிரிக்க வைக்கிறது, ஆனால் சந்தாப் பேச்சின் நுட்பம் அதில் இல்லை என்பது என் எண்ணம்.)

மனிதரோடு கூட இருக்க முடியாது, தூர நின்று வரம் கொடுக்கத்தான் முடியும் என்று கடவுள் கடைசியில் ஒப்புக்கொள்கிறார். உங்கள் இனத்துக்கு அதுதான் சரி என்கிறார் பிள்ளை. மேலோட்டமாகப் பார்த்தால் இது இணக்கமான ஆமோதிப்பு. பசியும் வாடகையும் உள்ள வீட்டில் ஒரு நாள் தங்கக்கூட ஆகாதவர் என்ற தீர்ப்பும் அதே சொற்களில்தான் இருக்கிறது. நேர்மாறான பொருள் இங்கே எதுவும் இல்லை. சொன்னதும் உண்மை, சொல்லாததும் உண்மை.

கடவுள் 25 ரூபாயை வைத்துவிட்டு மறைகிறார். பிள்ளை கணக்குப் புத்தகத்தை எடுத்து, கைலாசபுரத்துப் பழைய பரமசிவம் பிள்ளை பெயரில் ஜீவிய சந்தா வரவு எழுதுகிறார். ஊர் உண்டு, பெயர் உண்டு, சாதிப் பட்டமும் உண்டு.