ஆறு மதிப்பெண் எடுத்தால் சரவாங்கியா?

புத்தகத்தில் முடக்குவாதம், ஊரில் சரவாங்கி. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். இதை வகைப்படுத்த அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2010ல் ஒரு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டன. மொத்தம் 10, 6 எடுத்தால் பாஸ். இந்தப் பதிவு அந்தப் பட்டியலைப் பற்றின விமர்சனம். நான் மருத்துவன் இல்லைங்க, சாஃப்ட்வேர்க்காரன். ஒரு விதியைப் பார்த்தால் எந்த இன்புட்டுக்கு இது தப்பான பதில் தரும் என்று தேடுவது தொழில் பழக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிடணும். பழைய 1987 பட்டியலில் 7 அம்சங்களில் 4 இருக்க வேண்டும். தோலுக்கடியில் வரும் முடிச்சும், எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு அரிப்பும் அந்த ஏழில் சேர்த்தி. இரண்டும் பெரும்பாலும் நோய் வேரூன்றின பிறகு தெரிகிறவை. புதுப் பட்டியல் ஆரம்பத்திலேயே பிடிக்கப் பார்த்தது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம் என்பதால் இது பெரிய முன்னேற்றம்.

இப்ப கணக்கு. பத்துக்கு மேற்பட்ட மூட்டுகளில் வலியோ வீக்கமோ இருந்து, அதில் ஒரு சிறு மூட்டாவது சேர்ந்திருந்தால் 5. ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி சோதனைகளுக்கு அதிகபட்சம் 3. ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி கூடியிருந்தால் 1. ஆறு வாரம் ஆகியிருந்தால் 1.

சிக்குன்குனியா வந்த ஒருத்தரை இதில் போட்டுப் பாருங்க. விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று இரண்டு பக்கமும் வலி: 5. இரண்டு மாசமாகியும் போகலை: 1. ரத்தச் சோதனை எல்லாம் நார்மல்: 0. ஆக 6. பாஸ்!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2014ல் ஹைட்டி போய் சிக்குன்குனியாவோடு திரும்பின 10 அமெரிக்கர்களைப் பற்றி 2015ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 8 பேர் இந்தப் பட்டியலின்படி முடக்குவாதக்காரர்கள். அங்கே அது விசித்திரச் செய்தி. இங்கே 2006ல் மட்டும் நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா சந்தேகம் என்று பதிவானது. தமிழ்நாடும் அதில் உண்டு.

பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டாக்டர் பார்த்து உறுதி செய்த வீக்கம் ஒரு மூட்டிலாவது இருக்கணும், வேறு நோய் அதை நன்றாக விளக்கக் கூடாது என்று வாசலிலேயே நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதற்கான வகைப்பாடு இது என்பதும் அவர்கள் நோக்கம்தான். என் குறை வேறே. பிரித்தறிவதுதான் கஷ்டமான பாதி. அது ஒற்றை வரியில் அடங்கிவிட்டது. மதிப்பெண் எல்லாம் எண்ணச் சுலபமான பாதிக்குப் போய்விட்டது. கூட்டல் போடுகிறவர் கையில் முதலில் நழுவுவது அந்த ஒற்றை வரிதான்.

ஆறு வார விதியும் இங்கே உதவலை. பார்வோ போன்ற வைரஸ் மூட்டுவலி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அதற்கு அது நல்ல வடிகட்டி. சிக்குன்குனியா வலியோ சிலருக்கு மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும்.

அப்ப எது உதவும்? வலி தொடங்கின கதை. சிக்குன்குனியா என்றால் கடும் காய்ச்சல், அடுத்த நாளே கட்டிலை விட்டு எழ முடியாத வலி, அதே சமயத்தில் வீட்டிலோ தெருவிலோ இன்னும் நாலு பேருக்கு. முடக்குவாதம் பெரும்பாலும் சத்தமில்லாமல், வாரக்கணக்கில் ஏறும். இந்தக் கேள்விக்குப் பட்டியலில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஐஜிஜி சோதனையையும் அப்படியே நம்ப முடியாது. எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது வருஷக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். இன்றைய வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகாது.

இதற்கு எதிர்த் தப்பும் உண்டு. "அது சிக்குன்குனியா வலிதான், போயிரும்" என்று வருஷக்கணக்கில் தைலம் தேய்ப்பது. ஆன்டி-சிசிபி அதிகமாக இருந்து, காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், காத்திருக்கும் ஒவ்வொரு மாசமும் எலும்பைத் தின்னலாம். ஒரு தப்பில் தேவையில்லாத மருந்து, இன்னொன்றில் திரும்பாத மூட்டு.

'இன்னும் வகைப்படாத மூட்டழற்சி' என்று சீட்டில் எழுதி, சில வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடி பார்க்கிற டாக்டரை நம்ம ஆட்கள் கைராசி இல்லாதவர் என்று மாற்றிவிடுகிறார்கள். கையில் இருக்கிற தகவலுக்கு அதுதான் நேர்மையான பதிலாக இருக்கலாம். போகும்போது காய்ச்சல் வந்த தேதியையும், கூட யாருக்கெல்லாம் வந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்க. பட்டியல் கேட்காததை நாமே சொல்லலாம்.