இரட்சணிய யாத்திரிகத்தில் பிழைபொறுக்கும் அருள்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் கிறித்தவ சமயம் தழுவியவர். ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலை முதலாகக் கொண்டு அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. அருள், கருணை முதலாய பத்திச் சொற்கள் இக்காப்பியத்தில் மிகப் பயில்கின்றன. பழைய சொற்களைப் புதிய சமயத்திற்கு உரிமையாக்கியதன்றி ஆசிரியர் செய்தது வேறு யாது என வினவுதல் இயல்பே. அவ்வினாவிற்கு ஒரு பாடலை அடிப்படையாகக் கொண்டு விடை காண ஈண்டு முயல்வோம்.

முதற்கண் முதனூலை நோக்குவோம். பன்யன் நூலில், வழிச்செல்வோன் சிலுவையை அணுகியதும் அவன் முதுகிற் சுமந்த பாவச்சுமை தானே அவிழ்ந்து உருண்டு, கல்லறையுட் புக்கு மறைகின்றது. அவனது முதற்பெயர் அருளிலி என்னும் பொருளது என்பதும் பின்னர்ப் புலப்படுகின்றது. ஆயினும், இயேசுவின் பாடுகளைப் பன்யன் ஆங்கு விரித்துரைத்திலர். அவர்தம் வாசகர் அவற்றை முன்னரே அறிந்தவர். கிருஷ்ண பிள்ளையோ, குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் வகுத்து, அப்பாடுகளை விரித்துப் பாடுகின்றார். சுமை நீங்குதலாகிய பயனோடு அமையாது, அதற்கு ஈந்த விலையையும் தமிழ் வாசகர் காணல் வேண்டும் என்பது அவர் கருத்தாகலாம்.

அப்படலத்துள், தம்மை வதைப்போர்க்காக இயேசு தந்தையிடம் மன்னிப்பு வேண்டும் பாடல் நுணுகி நோக்கற்பாலது. நற்செய்தி நூல்கள் நான்கனுள் லூக்கா எழுதியதொன்றே இவ்வேண்டலைக் கூறும். கவிஞர் துன்பத்தைச் சொல்லி முடிக்குமிடத்துப் ‘படும்போதும்’ என்றார். ஈற்றிலுள்ள உம்மை சிறப்பும்மை. துன்பம் தீர்ந்தபின் அமைந்த உள்ளத்தினின்று எழும் பொறையன்று இது. துன்பம் நிகழாநிற்கும்போதே எழுவது என்பதை அவ்வோருருபு உணர்த்திவிடுகின்றது. வதைப்போரை ‘இவர்’ என அண்மைச் சுட்டாற் சுட்டுதலும், அவர் செயலைப் ‘பிழை’ எனக் குறித்தலும் கருதத்தக்கன. பிழை என்பது தவறுதற்பொருளையும் உடைய சொல். அறியாது செய்தார் என்னும் காரணத்திற்கு அச்சொல்லே இயைவது. மேலும், ‘யான் மன்னித்தேன்’ என்னாது தந்தையை வேண்டுதலால், தீங்கு தமக்கு மட்டும் இழைக்கப்பட்டதன்று, இறைவன் திருமுன் நிகழ்ந்த குற்றமும் ஆம் என்பது பெறப்படும். ஆகவே, நீதியை மறந்த இரக்கமாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

பிறர்பொருட்டு இறைவனிடம் பரிந்துரைத்தலை வைணவர் புருஷகாரம் என்ப. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் சிறையிருந்த சீதையின் ஏற்றத்தை இதன்வழி விளக்குவர். இராவணன் மாண்டபின், தன்னை அச்சுறுத்திய அரக்கியரைக் கொல்ல அனுமன் இசைவு வேண்ட, அவர் அரசன் ஏவல் செய்தோரே எனக் கூறிச் சீதை தடுத்தாள். துன்புற்றவரே துன்புறுத்தியோர்க்குப் பரிதல் தமிழ் வாசகர்க்குப் புதுமையன்று என்பதை இதனால் உணர்கின்றோம். வேற்றுமை காலத்தில் உள்ளது. சீதை பரிந்தது விடுதலைக்குப் பின். இயேசு பரிந்தது உயிர் நீங்குமுன். சீதை கூறிய காரணம் ஏவல். இயேசு கூறியது அறியாமை. இவ்விரண்டனுள் ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு எனக் கூறுதல் எம் கருத்தன்று. ஒப்புமை எவ்வளவினது என அறிந்தாலன்றி வேற்றுமையின் இயல்பு விளங்காது.

இனி, அப்பாடல் ‘அருள்வள்ளல்’ என்னும் தொடரால் முடிகின்றது. வள்ளல் என்பது புறத்திணை மரபில் வளர்ந்த சொல். கேளாத முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழுலகம் மறந்திலது. கேளாமற் கொடுத்தலே வண்மையின் எல்லை என்னும் எண்ணம் நம்மிடை முன்னரே உண்டு. ஆயின், முல்லை பாரிக்குத் தீங்கிழைத்ததன்று. ஈண்டு, பெறுவோர் கொல்வோர். கொடுப்போன் உடுத்த உடையும் இழந்தவன். செல்வத்தின் மிகுதியைச் சுட்டிய சொல், அனைத்தும் இழந்தானொருவன்மேல் நின்று, பெறத் தகுதியற்றார்க்கு வழங்கும் ஈகையை உணர்த்துகின்றது. கிறித்தவ மறையாசிரியர் விரிவுற விளக்கும் அருட்கொள்கை இவ்வொரு தொடரினுள் அடங்கிவிடக் காண்கின்றோம்.

ஆகலின், கிருஷ்ண பிள்ளை பழஞ்சொற்களைக் கடன்கொண்டார் என்னும் கூற்று உண்மையே எனினும், அது முழுவுண்மையன்று. அவர் அச்சொற்களை முன்னர் நின்றறியாத இடத்தில் நிறுத்தினார். இடம் மாறவே பொருளும் விரிந்தது. சமயக் காப்பியங்களை ஒப்பிட்டு ஆராய்வார், ஒரு சொல் எங்கிருந்து வந்தது என வினவுவதோடு அமையாது, யார், யாரை, எந்நிலையில் பொறுத்தார் எனவும் வினவுதல் வேண்டும். அருளின் இலக்கணம் அவ்வினாவின் விடையிலேயே புலனாகும்.