உடலை வருத்திச் சேர்க்கும் நன்கொடை

பிரிட்டனில் கோடைக்கால வார இறுதிகளில் ‘மூன்று சிகரச் சவால்’ ஓயாமல் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர். மூன்று நாடுகளின் மிக உயர்ந்த இந்த மலைகளை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். நடை சுமார் 37 கிலோமீட்டர். மலைக்கு மலை வேனில் போகும் தூரம் 700 கிலோமீட்டருக்கும் மேல். இதில் இறங்குபவர்களில் மிகப் பலர் ஏதோ ஒரு தொண்டுக்காகப் பணம் திரட்டுபவர்கள். ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க இப்படி உடம்பை வதைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்ற கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பணம் வருகிறது என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்பது கூச்சமான வேலை. சொந்த அண்ணனிடம்கூட, ஒரு மருத்துவமனைக்காக இருபது பவுண்டு கொடு என்று வாய்விட்டுக் கேட்பது கடினம். நான் இரவெல்லாம் மலையேறப் போகிறேன், நீ என்ன தருவாய் என்று கேட்டால் அந்தக் கூச்சம் பாதி கரைந்துவிடுகிறது. கேட்பவரும் எதையோ கொடுக்கிறார் என்பதால் கொடுப்பவருக்கும் மனம் வருகிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபீரும் 2013-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு இந்த மனநிலையைத்தான் சோதித்தது. நிதி திரட்ட ஒரு பிக்னிக், அல்லது ஐந்து மைல் ஓட்டம் என்று சொல்லிப் பார்த்தபோது, நோகும் ஓட்டத்துக்கே அதிகம் தரலாம் என்றார்கள் மக்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பணம் மனிதத் துயரைத் தீர்க்கப் போகும்போதுதான் இந்த ஈர்ப்பு வலுவாக இருந்தது. பூங்கா அமைப்பதுபோன்ற இன்பமான காரியத்துக்கு அது எடுபடவில்லை. படும் பாட்டுக்கும் அதன் நோக்கத்துக்கும் ஏதாவது உறவு இருக்கவேண்டும் என்று மக்களுக்கே தோன்றுகிறது. இந்த வழக்கத்தை எடைபோட எனக்கு உதவும் அளவுகோலும் இதுவே.

அந்த உறவு மிக நெருக்கமாக இருந்தது டெர்ரி ஃபாக்ஸின் ஓட்டத்தில். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்த அந்தக் கனடா இளைஞர், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கடற்கரையில் கிளம்பினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபிறகு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து தண்டர் பே அருகே நின்றுவிட்டார். அடுத்த ஆண்டு இறந்தார். அவர் எட்ட நினைத்த மேற்குக் கடற்கரையை எட்டவே இல்லை. ஆனாலும் 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. அவர் பெயரில் இன்றுவரை நடக்கும் ஓட்டத்தில் கட்டணமில்லை, வெற்றி தோல்வி இல்லை. நடந்தும் வரலாம், சைக்கிளிலும் வரலாம். இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மூன்று சிகரச் சவாலின் கோளாறு அந்த 24 மணி நேரத்தில் இருக்கிறது. மாலையில் பென் நெவிஸ் ஏறியவர்கள் இறங்கி, வண்டி பிடித்து, ஸ்காஃபெல் பைக்கின் அடிவாரமான வாஸ்டேல் ஹெட்டுக்கு வந்துசேரும்போது விடியற்காலை மூன்று, நான்கு மணி ஆகிவிடும். ஒரு சிறிய தேவாலயம், ஒரு விடுதி, சில பண்ணை வீடுகள், ஊர் அவ்வளவுதான். அந்த நேரத்தில் வேன்களின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து சாத்தப்படும். நெற்றி விளக்குகள் வீட்டு ஜன்னல்களில் அடிக்கும். கழிப்பறைக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஆட்கள் கற்சுவர்களுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். குப்பை, இரைச்சல், மலம் என்று அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். அதில் நியாயமிருக்கிறது.

மலையும் தேய்கிறது. பல்லாயிரம் கால்கள் ஒரே தடத்தில் மிதித்தால் புல் போய், மண் கரைந்து, மழைநீர் அந்தத் தடத்தையே ஓடையாக்கிவிடும். அதைச் சீராக்கக் கற்களை மூட்டையில் கட்டி ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு கல்லையும் கையால் புரட்டி, மேலே தெரிவதைவிட அதிகம் மண்ணுக்குள் போகும்படி நட்டு, இடுக்கில் சிறுகல் இறுக்குகிறார்கள். முதுகு ஒடியும் வேலை. வழி தவறியவர்களையும் கால் முறிந்தவர்களையும் தேடிப் போகும் மலை மீட்புக் குழுவினர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், நன்கொடையில் இயங்குபவர்கள். ஒரு தொண்டுக்குச் சேரும் பணத்தின் செலவு இன்னொரு தொண்டின் தலையில் விழுகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் தலைகீழாகப் போகமுடியும் என்பதற்கு ஸ்காட்லாந்திலேயே ஒரு சான்று இருக்கிறது. டேசைட் பகுதியில் தொண்டுக்காகப் பாராசூட்டில் குதித்தவர்களின் காயங்களை ஐந்தாண்டுக் காலத்துக்குக் கணக்கெடுத்து மருத்துவர்கள் 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குதித்தவர் ஒருவர் சராசரியாகச் சேர்த்தது 30 பவுண்டு. திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவத் துறைக்கு ஆன செலவு 13.75 பவுண்டு. மலைநடை அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் அந்த மருத்துவர்கள் கேட்ட கேள்வியை மலைநடை ஏற்பாட்டாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று சிகரங்களுக்கும் வேனை விட்டு, மலைக்கு மலை சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. அது சில நாள் பாடு. க்ளென்கோ கணவாயைக் கடந்து, லோமண்ட் ஏரிக்கரையின் ஒடுங்கிய சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி, கார்லைல் வழியாக ஏரி மாவட்டத்தை அடைந்து, அங்கே சைக்கிள் காலணியைக் கழற்றி மலைப் பூட்ஸை மாட்ட வேண்டும். மிதித்து இறுகிய தொடைகள் இறக்கத்தில் நடுங்கும். வேன் சவாலைவிட இது பலமடங்கு கடுமை. எனக்கு இதுவே மேலாகத் தோன்றுகிறது. தூங்காத ஓட்டுநர் நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் விரைவதில்லை, ஊர் உறக்கம் கெடுவதில்லை. பாட்டின் பெரும்பகுதி அதை ஏற்றவர் உடம்போடு நிற்கிறது.

நான் அறிந்தவற்றில் படும் பாடும் அதன் நோக்கமும் பிரிக்கமுடியாதபடி சேர்ந்தது இலங்கையின் ‘ட்ரெயில்’ நடைபயணத்தில். 2011 ஜூலையில், உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டாண்டுகளுக்குப் பின், தெற்குமுனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, சுமார் 670 கிலோமீட்டர் நடந்தார்கள். வடக்கிலுள்ள தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட நிதி திரட்டுவது நோக்கம். வடக்கின் நோயாளிகள் அதுவரை பெரும்பாலும் கொழும்பை அடுத்த மகரகமவுக்குத்தான் போகவேண்டியிருந்தது. கட்டியோடும் வலியோடும் நானூறு கிலோமீட்டர் பஸ் பயணம், கூடவே ஒரு துணை, அங்கே தங்க இடம். அந்தத் தூரமும் நோயின் ஒரு பகுதியாக இருந்தது. அதைக் கால்களால் அளந்து தெற்கத்தி மக்களுக்குக் காட்டியது அந்த நடை. 2016-இல் திசையைத் திருப்பி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள். இம்முறை காலி நகரின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. இதில் செயற்கையான கெடு எதுவும் தேவைப்படவில்லை.

ஆனாலும் இங்கேயும் ஒரு குறை மிஞ்சுகிறது, அது எல்லாச் சவால்களுக்கும் பொது. நண்பனுக்காகக் கொடுப்பவர்களில் பலர் நண்பனுக்குத்தான் கொடுக்கிறார்கள். நடை முடிந்ததும் நோக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் போதும். மருந்துக்கும் தாதியருக்கும் கருவிப் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் வேண்டும். ஆகவே நடப்பவர் நன்கொடைப் படிவத்தில் இரண்டு வரிகளையாவது சேர்க்கட்டும் என்பேன்: பயணச் செலவு போக நோயாளிக்குச் சேரும் தொகை எவ்வளவு, இதே நோக்கத்துக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை தரச் சம்மதமா. கால் நோவு ஆறுவதற்குள், பணம் கொடுத்தவர்கள் நலம் விசாரிக்க அழைக்கும் அந்த ஒரு வாரத்திலேயே, இரண்டாவது கேள்வியை நேரிலும் கேட்டுவிட வேண்டும்.