இரைக்கு முதலில் இரை

சிறுத்தைப் பல்லிக் குஞ்சுக்கு இரை வைக்கும் கலை அதன் வாயருகே தொடங்குவதில்லை. ஒருநாள் முன்பே, சுவர்க்கோழிப் பூச்சிகள் இருக்கும் டப்பாவில் தொடங்கிவிடுகிறது. பூச்சியின் வயிற்றில் இருப்பதும் பல்லிக்குத்தான் போய்ச் சேரும் என்பதால், கேரட்டும் கீரையும் தின்ற பூச்சி வேறு, பட்டினி கிடந்த பூச்சி வேறு. அப்படியும் ஒரு குறை நிற்கும்: சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். வளரும் குஞ்சு அதைத் தன் எலும்பிலிருந்தே ஈடுகட்டப் பார்க்கும். கால்கள் வளையும், தாடை வலுவிழக்கும். பூச்சிகளைக் கால்சியம் தூளில் குலுக்கியெடுக்கும் அந்த அரை நிமிட வேலை எனக்கு அழகாகத் தெரிவது இதனால்தான்.

இந்தப் பல்லி இயல்பாக வாழும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் வறண்ட பாறை நிலங்களில் யார் தூள் தூவினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே அது பலவகைப் பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடித் தின்கிறது. கண்ணாடித் தொட்டியில் நாம் தருவதோ ஒன்றிரண்டு வகை. வகையைக் குறைத்தவர்கள் நாம், ஈடுசெய்ய வேண்டியவர்களும் நாமே. அதற்காக வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூளை அளவின்றித் தூவினால் அதுவும் நஞ்சாகும். வேட்டையாடட்டும் என்று பூச்சிகளை மொத்தமாக விட்டுவிடச் சொல்வோரும் உண்டு. மிஞ்சிய சுவர்க்கோழிகள் தூங்கும் குஞ்சையே கடிக்கும். இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிஞ்சாத பூச்சிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டாலும், பாய்வதற்கு முன் குஞ்சின் வால்நுனி துடிக்கத்தான் செய்கிறது.