வெள்ளோட்டக் கூட்டு

பழகிய வாடிக்கைக்காரரோடு ஆறு மாதத்துக்கோ, ஒரே ஓர் ஆர்டருக்கோ சிறு முதலிட்டுக் கூட்டு வைத்துப் பார்ப்பதும், ஒத்துவந்தால் தொடர்வதும், இல்லையேல் மனஸ்தாபமின்றி விலகுவதும் ஆபத்தில்லாத மார்க்கமென்று திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்காரர்களுக்கு இப்போது உபதேசிக்கப்படுகிறது. கூலி பாக்கியைத் தீர்ப்பதில் ஒருவர் காட்டும் நாணயத்தைப் பல வருஷம் கண்டறிந்தபின் கூட்டுச் சேர்வது விவேகமே. ஒரே காரியத்துக்கென்று கூட்டு வைப்பதை 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் அங்கீகரிக்கிறது.

ஆனால், இட்ட முதலோடு நஷ்டம் நின்றுவிடும் என்னும் நம்பிக்கையே இவ்வேற்பாட்டின் அஸ்திவாரம்; அது பொய் என்பதே என் நெடுநாளைய ஆட்சேபம். கூட்டாளி ஒவ்வொருவரும் கூட்டின் ஏஜெண்டு என்கிறது 18-ஆம் பிரிவு. கூட்டின் பெயரால் நிகழும் செய்கைகளுக்கு எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது 25-ஆம் பிரிவு. இரண்டு லட்சம் முதலிட்ட தையல் யூனிட்காரரின் கூட்டாளி, நூல் மில்லில் இருபது லட்சத்துக்குக் கடன் கொள்முதல் செய்தபின் ஏற்றுமதி ஆர்டர் ரத்தாகிவிட்டால், அந்த இருபது லட்சம் முழுவதையும் மில்காரர் இந்த யூனிட்காரரிடமே கேட்கலாம். இவருடைய மெஷின்களும் வீடும் அதற்கு உத்தரவாதமாகின்றன. ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கலாகாதென்று இருவரும் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரமோ, அந்த நிபந்தனையை அறியாத மில்காரரைக் கட்டுப்படுத்தாது. கூட்டு கலைந்த பின்னும் பகிரங்க அறிவிப்பு வெளியாகும்வரை பொறுப்பு நீடிக்கிறது. கைகுலுக்கிப் பிரிகிறவர்களில் அரசிதழிலும் பத்திரிகையிலும் அறிவிப்புக் கொடுப்பவர் எவர்? 2008-இல் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை இந்த அச்சத்தைப் பெரும்பாலும் நீக்கும். ஆயினும் சில மாதப் பரீட்சைக்காக அதன் பதிவையும் வருடாந்தர அறிக்கைகளையும் சுமக்க யாரும் முன்வருவதில்லை.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. நேற்றுவரை அந்த யூனிட்காரர் கூலி பெறவேண்டியவர். 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற சிறுதொழிலாயின், 45 நாளுக்குள் பணம் வராவிட்டால் வங்கி வீதத்தின் மும்மடங்கில் மாதாந்தரக் கூட்டுவட்டி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கூட்டாளியான அன்றே அவ்வேலையின் கூலி லாப நஷ்டக் கணக்கில் கரைந்துவிடுகிறது. கூட்டும் பதிவு செய்யப்படாததாயின், ஒப்பந்த உரிமையைக் கோரிக் கூட்டாளிமீது வழக்கிடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு இடந்தராது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பது ஒன்றே பெரும்பாலும் மிஞ்சும். பத்து வருஷம் ஒழுங்காகப் பணம் தந்த ஒருவரைத் தம் கையாலேயே வழக்குக்கு எட்டாதவராக்கிக்கொள்ளும் இக்காரியத்தை ஆபத்தில்லாததென்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

லாபத்தில் பங்கு பெறுவது மாத்திரமே ஒருவரைக் கூட்டாளியாக்கிவிடாதென்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருக்க, வழக்கமான கூலியோடு அந்த ஆர்டரின் லாபத்துக்கேற்ற அதிக ஊதியமும் உண்டென்று எழுதி வாங்கி, வாடிக்கைக்காரரை வாடிக்கைக்காரராகவே வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்கலாம். பொதுப் பெயரும் பொது வங்கிக் கணக்கும் வேண்டாம். நூல் பில் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும்.